குளிர்ல பெட்ரோலுக்கு வாசம் கிடையாது

தம்பி, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் சாத்திருங்க. காத்து நேரா மூக்குக்கு வருது. சாதாரண மூக்கா இருந்தா நானும் பேசாம உக்காந்திருப்பேன்.

சிரிக்கறீங்க. நீங்க இந்த ஊரு இல்ல, அதான். கோத்தகிரியில எறங்கி "மூக்கு சார் வீடு எது"ன்னு கேட்டுப் பாருங்க, வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டுட்டுப் போவாங்க. குலசேகரன்னு எனக்கு ஒரு பேரு இருக்கறது ரேசன் கார்டுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். முப்பத்திரண்டு வருசம் தேயிலை ஃபேக்டரியில டேஸ்டருங்க. நீளமா மேசை போட்டு வரிசையா முப்பது கப்பு வெச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணா மோந்து, ஒரு கரண்டி உறிஞ்சி, வாயில சுத்தித் துப்பிட்டு, இது எந்தச் சரிவுல பறிச்ச கொழுந்து, எந்த மாசம், வறுக்கறவன் எத்தனை நிமிசம் தூங்கிட்டான், எல்லாம் சொல்லணும். சொல்லுவேன். ரிட்டையர் ஆன பின்னாடியும் ஒரு ஃபேக்டரிக்காரர் வாரத்துக்கு ரெண்டு நாள் ஜீப் அனுப்பிக் கூட்டிட்டுப் போறாரு. சும்மா அனுப்புவாரா?

அப்பேர்ப்பட்ட ஆளு எதுக்கு பஸ்ஸுல வர்றாருன்னு நீங்க கேக்கல. மரியாதை தெரிஞ்ச புள்ள. ஆனா நெனச்சீங்க. கார் இருக்குதுங்க. வெள்ளைக் காரு. பழசுதான், உங்க வயசு இருக்கும், ஆனா மலை ஏறச் சொன்னா உங்களவிட நல்லா ஏறும். அத எம்பொண்டாட்டி எடுத்துட்டுப் போயிருக்கா. அவளே ஓட்டிட்டு. என்ன காலம் பாருங்க.

அவ பேரு மனோரஞ்சிதம். பேரே வாசனை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில நர்ஸு. காலையில ஆறு மணிக்கு டூட்டி, வீட்டுலருந்து ஏழு கிலோமீட்டர், அந்நேரத்துக்கு பஸ் கெடையாது. அஞ்சரைக்கெல்லாம் நான்தான் கொண்டு போய் விடறது. இருபது வருசமா விட்டுட்டு இருக்கேன். அவகிட்டயும் லைசென்ஸ் இருக்குது, கல்யாணமான புதுசுல எடுத்தது. நான்தான் வண்டியக் குடுக்கறதில்ல. மலை ரோடு, கொண்டை ஊசி வளைவு, பொம்பளைக்கு எதுக்கு அந்தச் சிரமம்? அவ சிரமப்படறது எனக்கு ஆகாது.

இந்தக் கார்த்திகை கடைசியில ஆரம்பிச்சுது. உங்க ஊருல அந்த மாசம் மழை பெய்யும். எங்க ஊருல உறைபனி. காலையில கதவத் தொறந்தா புல்லு மேல உப்புத் தூவின மாதிரி வெள்ளையா கெடக்கும். காரு முன் கண்ணாடியச் சுரண்டி எடுக்கணும். அன்னிக்கும் சுரண்டி முடிச்சு வண்டிய ஸ்டார்ட் பண்றேன், ஏறி உக்காந்தவ, "ஏனுங்க, பெட்ரோல் வாசம் வருதே"ன்னா.

"வரல"ன்னேன்.

"நல்லா வருதுங்க."

"டேஸ்டர் நானா, நீயா?"

வாய மூடிக்கிட்டா. மூடிக்கிட்டவ கண்ணாடிய எறக்கி விட்டுட்டா. அந்தக் குளிர்ல! ஏழு கிலோமீட்டரும் ரெண்டு பேரும் ஐஸ் பெட்டிக்குள்ள போற மாதிரி போனோம். அடுத்த நாளும் அதே பாட்டு. அதுக்கடுத்த நாளு பால்காரன் போஜன் எங்க கேட்டுகிட்ட வந்து நின்னு, "சார், பெட்ரோல் எங்கியோ ஒழுகுது, பீடி பத்த வெக்கவே பயமா இருக்கு"ங்கறான். முப்பத்திரண்டு வருசம் இந்த ஊருல ஒரே ஒரு மூக்குதான் இருந்துச்சு. திடீர்னு பாத்தா பால்காரன் வரைக்கும் ஆளாளுக்கு மொளச்சிருச்சு.

சரி, குடும்பத்துல அமைதி வேணும்னு மெக்கானிக்குகிட்ட கொண்டு போனேன். ஆல்துரைன்னு ஒருத்தன், மார்க்கெட்டுக்குக் கீழ கடை. பத்து மணிக்குத்தான் தொறப்பான். போய் நிறுத்தினேன், பானெட்டத் தூக்கினான், பெட்ரோல் பைப் நெடுக விரல வெச்சுத் தடவினான். காஞ்சு கெடக்குது. ஒரு சொட்டு இல்ல. எனக்கு நெஞ்சு நிமிந்து போச்சு. அதோட நிறுத்தியிருக்கலாமில்ல? மாட்டான்.

"இப்ப இல்ல சார். காலையில இருக்கும்"ங்கறான்.

"அதென்னடா, காலையில மட்டும் வர்றதுக்கு அது என்ன பால் பாக்கெட்டா?"

"ரப்பர் பைப் பழசாயிருச்சு சார். ராத்திரி குளிர்ல வெறச்சுச் சுருங்குது. கிளிப்பு புடிக்கற எடத்துல சந்து விழுது, வண்டிய ஸ்டார்ட் பண்ணினா அது வழியா கசியுது. எஞ்சின் சூடானதும் ரப்பர் உப்பி அதுவே அடைச்சுக்குது. நீங்க இங்க வந்து சேர்றப்ப அடைஞ்சிருக்கு. ஒரு ராத்திரி வண்டிய இங்க விட்டுட்டுப் போங்க, விடியறதுக்குள்ள நானே வந்து பாக்கறேன். இல்ல, பேசாம பைப்ப மாத்திரலாம். அரை மணி நேர வேலை."

கேட்டீங்களா? நாம பாத்தா இருக்காதாம், நாம பாக்காதப்ப இருக்குமாம். பெட்ரோல் கசிவா, முனியா? "இல்லாத கசிவுக்கு எதுக்குடா பைப்பு? கசிவு இல்லைன்னு எழுதிக் குடு"ன்னேன். ரொம்ப யோசிச்சுட்டு எழுதிக் குடுத்தான். "பைப்பில் கசிவு இல்லை. காலை மணி 10.20." நேரத்த எதுக்குடா போடறேன்னு கேட்டா, "அது முக்கியம் சார்"ங்கறான். அந்தக் காயிதத்த ஸ்டியரிங் பக்கத்துலயே ஒட்டி வெச்சேன். மறுநாள் காலையில ரஞ்சிதம் அத டார்ச் அடிச்சுப் படிச்சா. முதல் வரிய விட்டுட்டு, "பத்து இருபது"ன்னு ரெண்டாவது வரிய மட்டும் சத்தமாப் படிச்சா. நர்ஸுங்களுக்கே நேரம் பாக்கற வியாதி உண்டு.

கொண்டை ஊசி வருது, கம்பியப் புடிச்சுக்கங்க. ம்.

அப்பறம் ஒரு ரெண்டு வாரம் அவ ஒண்ணும் பேசல. வண்டியும் அருமையா ஓடுச்சு. பெட்ரோல் முள்ளு கீழ எறங்கவே மாட்டேங்குது. எனக்கே ஆச்சரியம். நான் கியர் போடற பக்குவம் தம்பி, வயசு ஆக ஆகத்தான் கை பதமாகுது. வீட்டுல சொல்லிச் சொல்லி மாளல. அவ "ஆமாங்க, ஆமாங்க"ன்னு கேட்டுக்கிட்டா. ஒரு நாள் ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தலாம்னு பானெட்டத் தொறக்கறேன், பெட்ரோல் பைப் மேல பச்சையா ஒரு கட்டி. தொட்டுப் பாத்தா துணி சோப்பு! நல்லா பெசஞ்சு, கிளிப்பச் சுத்தி அப்பி, மேல துணி வேற கட்டியிருக்குது, காயத்துக்குக் கட்டற மாதிரி. கசிவுக்குச் சோப்ப அப்பணும்னு எந்த லாரிக்காரன் சொல்லிக் குடுத்தானோ. நான் தூங்கறப்ப செஞ்சிருக்கா.

"காரக் குளிப்பாட்டறதுன்னா வெளிய குளிப்பாட்டு, உள்ள எதுக்கு?"ன்னு சத்தம் போட்டேன். மொத்தத்தையும் சுரண்டி எறிஞ்சுட்டேன். என்னமோ பாருங்க, அந்த வாரமே முள்ளு மறுபடியும் சடசடன்னு எறங்க ஆரம்பிச்சுது. வீட்டுல நிம்மதி இல்லைன்னா டிரைவிங்கே கெட்டுப் போயிரும்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

இனி சொல்றதக் கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க. மார்கழி கடைசி. இந்த வருசத்துலயே பெரிய பனி. பைப்புத் தண்ணியே வரல, உறைஞ்சு போச்சு. அஞ்சு மணிக்கே எந்திரிச்சுப் போய் ஸ்டார்ட் பண்றேன், வண்டி இருமுது, நிக்குது. பத்துத் தடவை சாவியத் திருகியிருப்பேன். எறங்கிப் பாத்தா எஞ்சினுக்கு அடியில சிமென்ட் தரையில ஈரம். பனித்தண்ணி. வேற என்ன இருக்கும்? அப்பத்தான் எனக்கு ஆல்துரை சொன்னது ஞாபகம் வந்துச்சு. சூடானா ரப்பர் உப்பும், அடைச்சுக்கும். சரிப்பா, ரப்பருக்குச் சூடுதானே வேணும்? குளிருக்கு வீட்டுக்குள்ள கரி போட்டு வெப்போமே, கணப்புச் சட்டி, அது அடுப்படியில நல்லா கனிஞ்சு கெடந்துச்சு. துணியப் போட்டுத் தூக்கிட்டு வந்தேன். அவளுக்காகத்தான் தம்பி. பொண்டாட்டி வாசம் வாசம்ங்கறா, அவ ஏறி உக்கார்றப்ப அந்தப் பேச்சே இருக்கக் கூடாதுன்னு, அந்தக் குளிர்ல குனிஞ்சு, சட்டிய எஞ்சினுக்கு அடியில தள்ளறதுக்குப் போறேன்.

என்ன தம்பி, மூஞ்சி இப்படி மாறுது? முழுசாக் கேளுங்க.

அவ அப்பத்தான் வாசலுக்கு வர்றா. வெள்ளை யூனிஃபார்ம், கையில சாப்பாட்டுப் பை. பைய வீசிட்டா. ஓடி வந்து, சட்டிய வெறுங்கையில, விளிம்பப் புடிச்சுத் தூக்கி, ஒரே வீச்சு. அந்தப் பக்கம் புல்லுல போய் விழுந்து, பனி மேல "சொஸ்"ஸுன்னு ஒரு சத்தம். நல்ல கரி அத்தனையும் போச்சு. ஒண்ணுமே நடக்கல பாருங்க. தீப்பிடிச்சுதா? இல்ல. வெடிச்சுதா? இல்ல. என்ன நடந்துச்சுன்னா, அவ வலது உள்ளங்கை முழுக்க வெந்து போச்சு. அதுதான் நடந்துச்சு. அவளா வரவழைச்சுக்கிட்டது.

அவ ஒரு வார்த்தை திட்டல. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. உள்ள போயி எடது கையால மருந்து தடவி, பல்லுல கடிச்சுக் கட்டுப் போட்டா. நான் உதவிக்குப் போனேன், "வேண்டாம், உக்காருங்க"ன்னா. உக்காந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி லீவு சொன்னா. அப்பறம் வெளிய போனா, அடுப்படிக்குப் போனா, ஒரு பத்து நிமிசம் என்னமோ பண்ணினா. வந்து எனக்கு முன்னாடி மூணு கப்பு வெச்சா. வரிசையா, மேல சாசர் போட்டு மூடி. எங்க ஃபேக்டரி மேசையில வெக்கற மாதிரியே. வெச்சுட்டு, "சொல்லுங்க, மூக்கு சார்"ன்னா.

இருபத்தாறு வருசத்துல அவ என்ன அப்படிக் கூப்பிட்டதே இல்லைங்க.

எனக்கு மோப்பத்துக்குக் கண்ண மூடணும், அது தொழில் பழக்கம். மூடிக்கிட்டேன். அவ சாசரத் தூக்கித் தூக்கி மூக்குகிட்ட புடிச்சா. முதல் கப்பு. "காப்பி"ன்னேன். காலங்காத்தால வேற என்ன இருக்கும்? ரெண்டாவது. "வெறும் தண்ணி, ஏமாத்தப் பாக்கறே"ன்னேன். மூணாவதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கிட்டேன். கடைசிக் கப்புலதான் எப்பவும் நல்ல சரக்கு வெப்பாங்க. "இது நம்ம பக்கத்துக் கொழுந்து, பனிக் காலத்துல பறிச்சது. லேசா பூ வாசம், அடியில ஒரு தேன் மாதிரி, நல்லா நிக்குது"ன்னேன். முப்பத்திரண்டு வருசம் தம்பி, வார்த்தை தானா வந்துச்சு.

கண்ணத் தொறந்து பாத்தா, முதல் கப்புல பெருங்காயத்தக் கரைச்சு வெச்சிருக்கா. ரெண்டாவதுல ஊசி போடறதுக்கு முன்னாடி தடவுவாங்களே, அந்த ஸ்பிரிட்டு. மூணாவதுல நனைஞ்ச துணி. காருக்கு அடியில அந்தப் பனித்தண்ணியத் தொடச்சு எடுத்த துணி.

நியாயமா பாத்தா அவ சிரிச்சிருக்கணும். ஜெயிச்சவ சிரிக்கத்தானே செய்வா? அவ தரையில உக்காந்து அழறா. கை வெந்தப்ப அழாதவ அப்ப அழறா. "எத்தன நாளா?"ன்னு கேக்கறா. "எது எத்தன நாளா?"ன்னேன். "அந்தக் கொரோனா காய்ச்சல்லருந்தா?"ன்னா. நான் மூணாவது கப்ப சாசரால மூடினேன். "அப்படின்னா மூணு வருசமா வாசல்ல செருப்பக் கழட்டறப்பவே, ஆகா ரசம் மணக்குதுன்னு சொன்னீங்களே, அது?"ன்னா.

இதுல என்ன தப்பு, நீங்க சொல்லுங்க? ரசம் மணக்குதுன்னு சொன்னது ஒரு குத்தமா? அவ ரசம் வெச்சா மணக்கத்தானே செய்யும்? அத மோந்து பாத்துத்தான் சொல்லணுமா? எனக்குத் தெரியாதா?

நான் அவகிட்ட தெளிவா எடுத்துச் சொன்னேன். குளிர்ல பெட்ரோலுக்கு வாசம் கெடையாது. பெருங்காயத்துக்கும் கெடையாது. காத்தே உறைஞ்சு கெடக்கறப்ப வாசம் எப்படி நடந்து வரும்? என் மூக்கும் அந்த ரப்பர் மாதிரிதான், குளிர்ல கொஞ்சம் சுருங்கும், வெயில் பட்டாச் சரியாயிரும். அவ கண்ணத் தொடச்சுக்கிட்டு, "சித்திரை வெயில்லயும் ரசம் மணக்குதுன்னுதான் சொன்னீங்க"ங்கறா. எங்க ஊருக்கு ஏது தம்பி வெயிலு? சித்திரையிலயே ஸ்வெட்டர் போடறோம்.

அன்னிக்கே பத்து மணிக்குக் கார் சாவிய எடுத்துட்டா. கட்டுப் போட்ட கையோட, அவளே ஓட்டிட்டு ஆல்துரை கடைக்குப் போனா. ஒரு வளைவுல கூட உரசலையாம், அவனே சொன்னான், என்னமோ பெரிய அதிசயம் மாதிரி. அரை மணி நேரத்துல பைப்ப மாத்திட்டான். கழட்டின பைப்ப அவ கொண்டு வந்து சாப்பாட்டு மேசை மேல வெச்சா. ஒரு சாண் ரப்பரு. வளைச்சுக் காட்டினா, உள்ள பூராம் வெடிப்பு. நான் அதப் பாக்கல. அன்னிலருந்து அவதான் ஓட்டறா. என்ன ஏத்தறதே இல்ல. ஏத்தறா, ஏத்தறா, பின் சீட்டுல.

சிரிக்காதீங்க. இதுல சிரிக்க முடியாத விசயம் ஒண்ணு இருக்குது. ஃபேக்டரிக்காரருக்கு இது தெரியாது. இலைய உள்ளங்கையில வெச்சு நசுக்கினா எனக்குப் பாதி தெரிஞ்சிரும். தண்ணி நெறத்தப் பாத்தா மீதி. நான் கண்ண மூடினா அவரும் மூச்ச அடக்கிக்கிட்டு நிப்பாரு. நான் வாயத் தொறந்து "பூ வாசம்"னு சொன்னா, அவரும் குனிஞ்சு மோந்து, "ஆமா சார், பூ வாசம்"பாரு. இது வெளிய தெரிஞ்சா அந்த ஜீப் வராதுங்க. ஜீப் வரலைன்னா மூக்கு சார் கெடையாது, வெறும் குலசேகரன். அந்த ஆளோட எனக்கே அவ்வளவு பழக்கமில்ல. பயமா இருக்குது தம்பி. மறைக்கறதுக்கு என்ன, நீங்க எறங்கிப் போயிருவீங்க.

அதோ, குஞ்சப்பனை தாண்டியாச்சு. பாக்குத் தோப்பு வந்துருச்சு பாருங்க, இனி சூடுதான். ஸ்வெட்டரக் கழட்டலாம், கண்ணாடியத் தொறந்துக்கங்க.

எங்க போறேன்னு சொல்லவே இல்லையே. கோயமுத்தூருல மூக்கு டாக்டரு. ரஞ்சிதம் ஃபோன் போட்டு நேரம் வாங்கி வெச்சிருக்கா. கூட வர்றேன்னா, மூக்கக் காட்டறதுக்குத் துணை எதுக்குன்னு நான்தான் வேண்டாம்னேன். டாக்டர்கிட்ட, மூக்குல கோளாறு இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வரப் போறேன். ஆல்துரை எழுதிக் குடுத்த மாதிரி, நேரம் போட்டு.

காலையில கெளம்பறப்ப ஒண்ணு செஞ்சா பாருங்க. சட்டைப் பையில ஒரு சின்னப் பொட்டலத்த வெச்சா. இதோ, இதுதான். நாலாப்பக்கமும் பேப்பர் சுத்தி ஒட்டியிருக்கா. "நீங்கதானே சொன்னீங்க, வெயில் பட்டாச் சரியாயிரும்னு? மேட்டுப்பாளையத்துல நல்லா வெயில் இருக்கும். எறங்கறதுக்கு முன்னாடி இத மோந்து பாத்து, என்ன வாசம்னு எனக்கு ஃபோன்ல சொல்லுங்க. பிரிக்கக் கூடாது"ன்னா. அந்தக் கட்டுப் போட்ட கையால கன்னத்த ஒரு தட்டு தட்டிட்டு, டூட்டிக்குப் போயிட்டா.

வெயில் நல்லா அடிக்குது, இல்ல? வேர்க்குது கூட. நான் ரெண்டு தடவை மோந்து பாத்துட்டேன், நீங்க அந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தப்ப. ஜன்னல் காத்துல ஒண்ணும் சரியாப் புடிபடல. மல்லிகையா இருக்கும். இல்லைன்னா ஏலக்கா. பொம்பளைங்க வேற என்ன வெப்பாங்க? ஆனா பெருங்காயத்துல ஒரு தடவை ஏமாந்தாச்சு. தம்பி, ஒரு உதவி. பெரிய மனுசன் கேக்கறேன்னு நெனச்சுக்காதீங்க. நீங்க கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லிருங்க. இப்படி, கிட்ட வெச்சு.

என்ன?

ஒண்ணுமே இல்லையா? நல்லா இழுத்துப் பாருங்க. சளி கிளி புடிச்சிருக்கா உங்களுக்கு? இல்லையா? சரி, பிரிங்க. பிரிங்க, அவ இங்க எங்க பாக்கப் போறா.

கைக்குட்டை. என்னோட கைக்குட்டைதான். வெறும் தண்ணியில அலசிக் காயப் போட்டிருக்கா, சோப்பு கூடப் போடல. உள்ள ஒண்ணும் இல்ல. அட, கெட்டிக்காரி! ஏலக்கான்னு சொல்லியிருந்தா நான் மாட்டியிருப்பேனே! நல்ல வேளை, உங்க பக்கத்துல உக்காந்தேன். இருங்க, ஃபோனப் போட்டுர்றேன், ஸ்டாண்டு வந்துருச்சு.

ஹலோ, ரஞ்சிதம். ஆமா, மேட்டுப்பாளையம் வந்துட்டேன். வெயில் சுள்ளுன்னு அடிக்குது. மோந்தேன், மோந்தேன். இரு, சொல்றேன். ஒண்ணும் வரல. எனக்கு ஒண்ணும் வரலைங்கறேன். வாசமே தெரியல. ஹலோ? ரஞ்சிதம்? ஏய்... ம். ம். சரி. சரி, வெச்சர்றேன்.

கரெக்டாச் சொல்லிட்டேன் தம்பி. பாஸ். ஆனா பாருங்க, அந்தப் பக்கம் விசும்பி விசும்பி அழறா. "போதுங்க, டாக்டர்கிட்டயும் இத மாதிரியே சொல்லிருங்க"ங்கறா. "இத மூணு வருசத்துக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல"ங்கறா.

மூணு வருசத்துக்கு முன்னாடி எப்படித் தம்பி சொல்றது? பொட்டலத்த இன்னிக்குத்தானே குடுத்தா?